பாதமலைக்குச் சுமை கொண்டுபோனவர்கள்

ஹட்டன்,
பங்குனி மாதம்.

அன்புள்ள ராமையாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே எல்லோருடைய நலத்தையும் அறிய ஆவல். உன் பேத்தி பரீட்சையில் நன்றாகச் செய்த செய்தியை உன் தங்கை வந்து சொன்னாள். என் வாழ்த்தை அந்தப் பிள்ளைக்குச் சொல். என் வீட்டுக்காரியின் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, இளையவன் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், ஒழுகிக்கொண்டிருந்த கூரைத் தகரங்களை மாற்றியாயிற்று. தோட்டத்து வரிசை வீடுகளில் ஆறாம் நம்பர் லயத்துப் பெரியம்மா தைப்பொங்கலுக்கு முன்பு காலமானார். கடைசிவரை உன்னைப் 'புளியங்கொட்டை' என்று சொல்லித்தான் விசாரித்தார். மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இந்தக் கடிதம் ஒரே விஷயத்துக்காக எழுதப்படுகிறது: உச்சியில் பாதச் சுவடு இருக்கும் நம் சிவனொளிபாதமலையில் நான் ஏறிவிட்டு வந்தேன், அதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேட்டு லயத்து வாசலில் நின்று பல் துலக்கும்போதே நம் கண்ணில் பட்ட மலை அது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் மறைந்திருந்துவிட்டு, மார்கழியில் ஒரு காலை திடீரென்று முழு உருவத்தோடு அது நிற்கும்போது, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்ட பெரியவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டதை நீயும் பார்த்திருக்கிறாய். பிதுருதலாகலை 2,524 மீற்றர், நம் மலை 2,243 மீற்றர். ஆனாலும் நாட்டின் மிக உயர்ந்த மலை எது என்று கேட்டால் கண்ணாடி வாத்தியாரிடம் அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று நீ பாதமலையைத்தான் சொல்வாய். அப்படிப்பட்ட மலைக்கு நம் தோட்டத்துச் சனத்தில் கையை வீசிக்கொண்டு யாத்திரிகராகப் போனவர்கள் மிகக் குறைவு. நம்மவர்களில் பலருக்கு அது பருவகாலத்து வேலைத்தலமாக இருந்தது. இந்த மாசியில் பக்கத்து வீட்டுச் சிங்கள ஆசிரியர், தம் மனைவியின் நேர்த்திக்காகக் குடும்பத்தோடு போவதாகவும், நானும் கட்டாயம் வரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். டிசம்பரில் உந்துவப் போயா என்னும் பௌர்ணமியன்று தொடங்கி மே மாதத்து வெசாக் வரை நடக்கும் பருவத்தில், போயா தினங்களிலும் சனி ஞாயிறுகளிலும் படியில் கால் வைக்க இடம் இருக்காது என்பதால், வாரத்தின் நடுவில் ஒரு நாளைத் தெரிந்துகொண்டோம்.

நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குப் போகும் பாதை உனக்கு மறந்திருக்காது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வறட்சியில் நன்றாக இறங்கியிருந்தது. 1969இல் அணை கட்டியபோது நீருக்குள் போன பழைய டவுனின் கோயில் மண்டபம் சேறு படிந்த தூண்களோடு வெளியே தெரிந்தது. நாம் இருவரும் தேர் பார்க்கப் போய்த் தொலைந்துபோன இடம் அந்தச் சேற்றுக்குள்தான் எங்கோ இருக்கிறது. அங்கே தேங்கும் மஸ்கெலி ஓயாவின் தண்ணீர்தான் களனி கங்கையில் கலந்து கொழும்பு வரை போகிறது என்பதையும், அதைக் குடிக்கிறவர்கள் இந்த ஊரின் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள் என்பதையும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன். தூரத்தில் ஏழு கன்னியர் மலை தெரிந்தது. நீ இந்தியாவுக்குப் போகக் கோச்சி ரயில் ஏறிய மறு வருடம், 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் அதில் மோதி 191 பேரும் இறந்துபோனார்கள். ஒரு யாத்திரைக்குப் போகிற வழியில், இன்னொரு யாத்திரை முடிந்துபோன இடத்தைப் பார்த்தபோது பஸ்ஸுக்குள் பாடிக்கொண்டிருந்தவர்களும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

நல்லதண்ணியில் இறங்கும்போது இரவு பத்து மணி கடந்திருந்தது. கம்பளித் தொப்பிகளும் கையுறைகளும் தொங்கும் கடைகள், பனங்கட்டி, தலகுலி, வறுத்த கடலை, ஒலிபெருக்கியில் பௌத்தர்களின் பிரித் ஓதும் சத்தம். அவற்றைத் தாண்டி மகர தோரணத்துக்குள் நுழைந்தால் தேயிலை மலைகளுக்கு நடுவே பாதை மெல்ல ஏறுகிறது. ஜப்பானியப் பிக்குகளின் முயற்சியால் எழுந்த வெள்ளை நிறச் சமாதானத் தூபியைக் கடந்து, சீதகங்குல ஓடையில் எல்லோரும் முகம், கை, கால் கழுவிக்கொண்டோம். ராமையா, அந்தத் தண்ணீரின் குளிரை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. விரல்கள் என்னுடையவை என்ற உணர்வு திரும்புவதற்கே வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது. 5,000க்கும் மேற்பட்ட படிகள். கெத்தம்பானையில் புத்தபெருமான் அமர்ந்து தமது துறவாடையான சீவரத்தைத் தைத்தார் என்பது ஐதீகம். ஆகவே யாத்திரிகர்கள் அங்கே ஊசியில் நூலைக் கோத்து வைத்து, நூல் பந்தை விரித்துக்கொண்டே மேலே போகிறார்கள். கைப்பிடிக் கம்பிகளிலும் பற்றைகளிலும் வெள்ளை நூல் சுற்றிச் சுற்றிக் கிடந்தது.

நான் அங்கே அதிகம் விரும்பியது சனத்தைத்தான். கிராமம் கிராமமாக வருகிறார்கள். வழிநடத்தும் அனுபவசாலியை 'நடே குரா' என்கிறார்கள், முதன்முறை வருகிறவர்களைக் 'கோடுகாரயோ' என்று செல்லமாகக் கேலி செய்கிறார்கள். என்னையும் அப்படியே கூப்பிட்டார்கள், எனக்கு மிகுந்த சந்தோஷமாக இருந்தது. இறங்கி வருகிறவர்களைப் பார்த்து ஏறுகிறவர்கள் 'கருணாவை' என்று வாழ்த்துகிறார்கள், அவர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். நான் திருநீறு பூசிக்கொண்டு போயிருந்தேன். இரு பேரப்பிள்ளைகள் இரு பக்கமும் தாங்கிவர, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு சிங்கள மூதாட்டி என் நெற்றியைப் பார்த்தார், நின்று, என் கையைப் பிடித்துக் கருணாவை என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த நாட்டில் நாம் இருவரும் கண்டவற்றையெல்லாம் கண்டபிறகு அந்தக் கைப்பிடி எனக்கு எவ்வளவு பெரியது என்பதை உனக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி எழுதப்போவதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிய காரணம்.

பாதி மலைக்கு மேலே, படிகள் செங்குத்தாகத் தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தேன். கீழிருந்து ஒருவர் காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறி வந்தார். சணல் சாக்கை நாலாக மடித்துத் தோளில் போட்டு, அதன்மேல் சிலிண்டரைக் கிடையாக வைத்திருந்தார். ஒரு கை சிலிண்டரின் கழுத்தில், மற்றக் கை கம்பியில். காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. என் பக்கத்தில் வந்ததும் சிலிண்டரை இறக்கவில்லை. மதிலோரம் உடம்பைச் சாய்த்து, சிலிண்டரின் ஒரு முனையை மதிலின் விளிம்பில் கொடுத்து, பாரத்தை மதிலுக்கு மாற்றிவிட்டு நின்றவாறே இளைப்பாறினார். கீழே வைத்தால் என்ன என்று கேட்டேன். "வச்சா தூக்கிவிட ஆள் வேணுமே ஐயா" என்று தமிழில் பதில் வந்தது. பேச்சுக் கொடுத்ததில், பகலில் தோட்டத்தில் கொழுந்து மலைக்கு உரம் போடுகிறவர் என்றும், பருவகாலத்து இரவுகளில் கடைகளுக்குச் சுமை தூக்குகிறார் என்றும் தெரிந்தது. கிலோக் கணக்கில் கூலி. எந்தக் கடை வரை கொண்டுபோவது என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். முழங்கால் வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அதன் வாசனை குளிர்காற்றிலும் அடித்தது. ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை, வாழ்த்திவிட்டு மேலே போய்விட்டார். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றுகொண்டிருந்த என்னால் அவரைத் தொடர முடியவில்லை.

சற்று மேலே உள்ள கடையில் எனக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார்கள். அடுப்பில் எரிந்த காஸ், கோப்பையில் இருந்த சீனி, ரொட்டிக்குப் பிசைந்த மா, சம்பலுக்குத் துருவிய தேங்காய், கடைக்காரர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரை உட்பட எல்லாமே ஒரு மனிதனின் தோளில் வந்தவை என்று அப்போது உறைத்தது. உச்சியில் கட்டடம் எழுப்பிய மணலும் சீமெந்தும் கம்பியும் அப்படித்தான் மேலே போயிருக்கும். அந்த நேரத்திலிருந்து உன் அப்பாவைப் பற்றிய நினைவு என்னை விட்டுப் போகவில்லை.

உனக்கு நினைவிருக்கும். பருவம் தொடங்கியதும் உன் அப்பா சனிக்கிழமை அரை நேர வேலை முடிந்த கையோடு நல்லதண்ணிக்குப் போய்விடுவார். அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் டின்னும் தேங்காய்ச் சாக்கும் தூக்குவார். திங்கட்கிழமை விடியற்காலைப் பெரட்டுக்கு நேரே வந்து நிற்பார். குழாயடியில் சட்டையைக் கழற்றிக் குளிக்கும்போது வலத் தோளில் தோல் கறுத்துக் காய்த்திருந்ததை நாம் தொட்டுப் பார்த்திருக்கிறோம். நம் கையில் பனங்கட்டித் துண்டு வைத்துவிட்டு, சாமி கொடுத்தது என்று சொல்வார். அவர் அந்த மலையைப் பற்றி வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபின் இந்த மலையின் வரலாற்றைத் தேடித்தேடிப் படிக்கிறேன். 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா புத்தளம் பக்கத்தில் கரையிறங்கி, யாழ்ப்பாணத்து அரசரான ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாதமலையைத் தரிசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அரசர் பல்லக்கு ஒன்றைக் கொடுத்து, வருடந்தோறும் அங்கே போய்வரும் யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், தம் ஆட்கள் 10 பேர், உணவுப் பொருள்களைச் சுமக்க 15 பேர் ஆகியோரைத் துணைக்கு அனுப்பினார் என்று பதூதாவே சொல்கிறார். உச்சிக்குப் போகும் இரண்டு வழிகளில் 'மாமா' வழி சுலபமானது, 'பாபா' வழி கடினமானது என்றும், பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்தன என்றும் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்து எழுதிய மனிதர். அந்த 15 பேரின் எண்ணிக்கையைத் தவிர அவர்களைப் பற்றி எதையும் எழுதாமல் விட்டுவிட்டார். ஆயினும் எண்ணிக்கையையாவது எழுதினாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடுகிறது.

அதற்கும் முந்தியது முதலாம் விஜயபாகுவின் செய்தி. யாத்திரிகர்கள் வழியில் உணவின்றி வாடுவதைக் கண்டு, அவர்களுக்குச் சோறு கொடுப்பதற்காகக் கிலிமலே கிராமத்தை மானியமாக விட்டார், வழிகளில் தங்குமிடங்கள் அமைத்தார் என்று பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அவருடைய கல்வெட்டு கிடைத்த இடம் எது தெரியுமா? நம் அம்பகமுவதான்! நாம் பிறப்புப் பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்த அதே அம்பகமுவ. அந்தக் கல்வெட்டில் ஒரு செய்தி இருக்கிறது: தாழ்ந்த குலத்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் வழிபடுவதற்காக, பாதம் இருக்கும் மேடைக்குக் கீழே இன்னொரு மேடை கட்டிக் கொடுத்தாராம். அவர்களையும் நினைத்த அரசர் என்று மெச்சுவதா, கீழே நிறுத்தினார் என்று நோவதா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை, இரண்டும் சேர்ந்தே மனதில் நிற்கின்றன. அவருக்குப் பின் நிஸ்ஸங்கமல்லன் வந்து தன் வருகையைக் கல்லில் பதித்துவிட்டுப் போனான். 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜர் வழியில் பாலங்கள் அமைத்தார். பாதையை அமைத்தவர்களின் பெயர் ஏறக்குறைய ஆயிரம் வருடங்களாகப் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கல்லையும் மரத்தையும் அரிசியையும் மேலே ஏற்றியவர்களில் ஒருவருடைய பெயர்கூட எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

உச்சியைப் பற்றிக் கேட்பாய், சொல்கிறேன். கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, காற்று ஆளைத் தள்ளுகிறது. செருப்பைக் கழற்றியதும் சீமெந்துத் தரையின் குளிர் எலும்புவரை ஏறியது. பாதம் மூடப்பட்டிருக்கிறது, துணியும் பூவும் காசும் குவிந்த இடத்தில் தலையை வைத்துக் கும்பிடலாம், அவ்வளவுதான். பக்கத்தில் மலையின் காவல் தெய்வமான சமனின் சிறு சன்னதி. பருவம் முடிந்ததும் அந்தத் திருவுருவத்தைப் பெல்மதுளைக்குக் கொண்டுபோய்விட்டு, மறுபடி மார்கழியில் ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை தடவை அடிப்பதற்கு ஒரு மணி இருக்கிறது. நான் ஒருமுறை அடித்தேன். ஆசிரியரின் மனைவி அடித்துக்கொண்டேயிருந்தார், சுற்றி நின்றவர்கள் 'சாது, சாது' என்றார்கள். இறங்கும்போது ஒரு கடை வாசலில் அந்தச் சிலிண்டர்காரரைத் திரும்பவும் கண்டேன், வெற்றுச் சிலிண்டரோடு புறப்பட நின்றார். மணி அடித்ததுண்டா என்று கேட்டேன். சின்ன வயதில் அம்மாவோடு போனபோது ஒருமுறை அடித்தாராம். சுமையோடு போவதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லையாம்.

விடியலைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். கிழக்கே வெளிச்சம் வந்ததும் மேளமும் கொம்பும் ஒலிக்க, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் ஆசிரியர் சொன்னபடி மேற்கே ஓடினேன். இரத்தினபுரிப் பக்கம் நிரம்பிக் கிடந்த பனிமூட்டத்தின் மேல் மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக விழுந்து, அடிவானம் வரை நீண்டிருந்தது. நிற்கிற மலை இவ்வளவு ஒழுங்கான கூம்பு அல்ல, நிழல் மட்டும் அளவுகோல் வைத்து வரைந்ததைப்போல இருக்கிறது. சூரியன் ஏற ஏற அது சுருங்கி மலையை நோக்கி வந்து, காணாமற்போயிற்று. அதற்காக மட்டுமே இன்னொரு தடவை ஏறுவேன்.

பாதம் யாருடையது என்று நாம் பள்ளிக்கூடத்தில் போட்ட சண்டையை நீ இந்தக் கடிதத்தில் எதிர்பார்த்திருப்பாய். புத்தர் என்பார்கள், சிவன் என்போம், பாவா ஆதம் என்பார்கள், புனித தோமையார் என்பாரும் உண்டு. சீதாவாக்கை இராசசிங்கன் 16ஆம் நூற்றாண்டில் மலையின் பொறுப்பைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான், 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதைப் பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தான். வழக்காடுவதற்குப் போதுமான சங்கதி இரு பக்கமும் இருக்கிறது. ஆனால் மேலே நின்றபோது எனக்கு அந்த வழக்கில் ஒரு சிறு ஆர்வமும் எழவில்லை, ராமையா. உன் அப்பாவின் காலடி எத்தனை ஆயிரம் தடவை அந்தப் படிகளில் விழுந்திருக்கும் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். மலைக்காடும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைத் தலமாயின. சிறுத்தை உலவும் காடு, மஹரத்மல் மரம் சிவப்பாகப் பூக்கும் காடு. வெளிச்சம் வந்தபின் படியோரப் பள்ளங்களைப் பார்த்தேன், பிஸ்கட் உறைகளும் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. பொலித்தீனைக் கொண்டுவர வேண்டாம் என்று பலகை எழுதி வைத்திருக்கிறார்கள், தொண்டர்கள் வந்து துப்புரவும் செய்கிறார்கள், போதவில்லை. மேலே ஏறுவதற்குத் தோள் இருக்கும் பொருள்களுக்குக் கீழே இறங்குவதற்குத் தோள் இல்லை. குப்பையை இறக்கிக் கொண்டுவருகிறவர்களுக்கும் கிலோக் கணக்கில் கூலி கொடுக்க ஒரு ஏற்பாடு செய்தால் இரண்டு பருவத்தில் மலை சுத்தமாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்து வீட்டு ஆசிரியரும் நானும் இதைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி உரிய இடங்களுக்கு அனுப்பப்போகிறோம்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன், தட்டிக் கழிக்காதே. கோத்தகிரியில் உன் அம்மாவுக்கு நினைவு இன்னும் தெளிவாக இருப்பதாக உன் தங்கை சொன்னாள். அவரிடம் உட்கார்ந்து கேள்: அப்பா எந்தக் கடைக்காரருக்குத் தூக்கினார், நல்லதண்ணி வழியில் மட்டுமா, இரத்தினபுரிப் பலாபத்தல வழியிலும் போனாரா, ஒரு நடைக்கு என்ன கூலி, கூட யார் யார் போனார்கள், மூட்டையைத் தலையில் வைத்தாரா, தோளிலா, நெற்றிக் கயிறு கட்டினாரா, விழுந்து காயப்பட்டவர்களுக்கு யாராவது எதுவும் கொடுத்தார்களா. பெயர்கள் முக்கியம், அரைகுறையாக நினைவிருந்தாலும் எழுது. நானும் இங்கே நல்லதண்ணி, மஸ்கெலியாப் பக்கத்துப் பழைய ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் உன் அப்பாவின் பெயரை எழுதி, கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. சித்திரைக்கு முன்பு பதில் போடு.

அன்புடன்,
செல்வராஜ்